செம்பில் திருத்திய ஆண்டு: அமெரிக்கப் பழைய சென்ட் காசுகளும் இலக்க மோசடியும்

நாணயவியலில் போலி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. அரசு அடித்த காசைப் போலவே புதிதாக அடித்துப் புழக்கத்தில் விடுவது கள்ளக்காசு. சேகரிப்பாளரை ஏமாற்றுவதற்காகப் பழங்காசு ஒன்றை முழுதுமாகப் படியெடுத்துச் செய்வது போலிப்படி. நாணயச்சாலையில் முறையாக அடிக்கப்பட்ட காசையே எடுத்து, அதன் ஆண்டு இலக்கங்களில் ஒன்றை மட்டும் செதுக்கியோ ஒட்டியோ வேறோர் ஆண்டாகக் காட்டுவது திருத்திய காசு. முதல் இரண்டையும் பிடிக்க எடை, உலோகக் கலவை, ஓசை, விளிம்பு என்று பல வழிகள் உண்டு. மூன்றாவதில் இவை பெரும்பாலும் உதவுவதில்லை. ஏனெனில் அங்கே உலோகமும் எடையும் உண்மை, தலையும் மாலையும் உண்மை, பல கைகள் மாறித் தேய்ந்த தேய்மானமும் உண்மை. பொய் குடியிருப்பது அரிசிமணியை விடச் சிறிய ஓர் இலக்கத்தில் மட்டுமே. அந்த இலக்கத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் போதாது, அதற்கும் காசின் பிற உறுப்புகளுக்கும் உள்ள உறவையே பார்க்க வேண்டும் என்பது, அமெரிக்காவின் பழைய செப்புச் சென்ட்டுகளைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவரும் ஆய்வு நிலைநாட்டியிருக்கும் முடிபு.

பிலடெல்பியா நாணயச்சாலை 1793 முதல் 1857 வரை அடித்த சென்ட்டுகள் தூய செம்பாலானவை. இன்றைய சென்ட்டை விட அளவில் மிகப் பெரியவை என்பதால் ‘பெரிய சென்ட்’ என்று அழைக்கப்படுபவை. தொடக்கத்தில் 208 கிரெயின் எடையோடு இருந்த இக்காசு, 1795ஆம் ஆண்டின் இறுதியில் 168 கிரெயினாக, அதாவது ஏறத்தாழ 10.89 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1857 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டம் இக்காசுக்கு முடிவுகட்டியதும், சிறு வயது முதல் கையில் புரண்ட செம்பு மறைந்துபோகிறதே என்ற ஏக்கத்தில் ஆண்டுக்கு ஒன்றாக அதைச் சேர்த்துவைக்கும் பழக்கம் அந்நாட்டில் பரவியது. திருத்திய ஆண்டுகளின் வரலாறு உண்மையில் இங்கேதான் வேர்விடுகிறது. காசை அழகுக்காகவோ வடிவ வகைக்காகவோ சேர்ப்பவருக்கு ஆண்டு ஒரு பொருட்டன்று. ஆண்டுவரிசையாகச் சேர்ப்பவருக்கோ, அறுபதுக்கு மேற்பட்ட குழிகள் கொண்ட பெட்டியில் இரண்டு மூன்று குழிகள் மட்டும் காலியாகக் கிடப்பது உறுத்தல். 1799, 1804 ஆகிய ஆண்டுகளின் காசு கிடைப்பது அரிது. 1815க்கோ காசே இல்லை. தேவை இருக்கும் இடத்தில் உளியும் கையுமாக ஒருவன் வந்து சேர்வது இயல்பு.

இம்மூன்றில் எளிதில் தீர்வது 1815தான். பிலடெல்பியா நாணயச்சாலை சென்ட்டுக்குத் தேவையான வெற்றுத் தகடுகளை, அதாவது உருவம் அடிப்பதற்கு முன்னுள்ள வட்டச் செப்புத் துண்டுகளை, இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த மேத்யூ போல்ட்டனின் நிறுவனத்திடமிருந்து தருவித்துவந்தது. 1812இல் பிரிட்டனோடு போர் மூண்டதும் அந்த வரத்து நின்றது; கையிருப்பில் எஞ்சிய தகடுகளைக் கொண்டு 1814இல் 3,57,830 காசுகளை அடித்ததோடு செம்பு தீர்ந்தது. அடுத்து வந்த காசுகள் 1816 என்ற ஆண்டையே தாங்கின. எனவே 1815 என்று பொறித்த சென்ட் எதுவாயினும், அதை உருப்பெருக்கியின் கீழ் வைப்பதற்கு முன்பே பொய் என்று தள்ளிவிடலாம். ஆயினும் அது எதிலிருந்து பிறந்தது என்று பார்ப்பதில் பயன் உண்டு. பெரும்பாலும் 1813, 1845 ஆகிய இரண்டே அதன் மூலங்கள். 1845ஐத் திருத்தியவன் 4இன் சாய்கோட்டையும் குறுக்குக்கோட்டையும் சுரண்டி, நிமிர்ந்த தண்டை மட்டும் விட்டுவைத்தால் 1 கிடைத்துவிடும் என்று கணக்கிட்டான். ஆனால் அக்காசில் உள்ள பின்னல் கூந்தல் தலை 1839இல்தான் வழக்குக்கு வந்தது என்பதை அவன் எண்ணவில்லை. 1813ஐத் தேர்ந்தவன் சற்று விவரம் தெரிந்தவன். தலை காலத்துக்குப் பொருந்தும், 3ஐ 5ஆக்கும் வேலை மட்டுமே மிச்சம்.

இதே போல்ட்டனின் சோஹோ ஆலைதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்துக்காக 1803, 1808 ஆகிய ஆண்டுகள் பொறித்த 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்களை அடித்தனுப்பியது. 3ஐ 8ஆகத் திருத்துவதை விட எளிய திருத்தம் வேறில்லை. ஆனாலும் அதற்கு ஆதாயம் இல்லை. 1808ஆம் ஆண்டுக் காசுகளைப் பெருமளவில் ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கி, 1980களில் அதிலிருந்து காசுகள் குவியல் குவியலாக மீட்கப்பட்டபின், அந்த ஆண்டு சந்தையில் மலிவிலும் மலிவாகிவிட்டது. திருத்தம் கையின் திறமையைத் தொடர்ந்து வருவதன்று, விலை வேற்றுமையைத் தொடர்ந்து வருவது. ஆகையால் ஒரு காசைச் சோதிப்பவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இந்த ஆண்டுக்கும் அதன் அண்டை ஆண்டுகளுக்கும் விலையில் எவ்வளவு இடைவெளி என்பதே.

திருத்தும் வேலைக்குச் செம்பு இடங்கொடுக்கும் உலோகம். அது மென்மையானது, கூரிய உளிக்கு எளிதில் வளைந்துகொடுக்கும், இலக்கத்தின் அருகிலுள்ள வெறும்பரப்பிலிருந்து உலோகத்தை ஓரமாக ஒதுக்கித் தள்ளி, ஒரு வளைவையே எழுப்பிவிடலாம். கழித்தல், தள்ளுதல், ஒட்டுதல் என்று திருத்தும் வழிகள் மூன்றே: வேண்டாத கோட்டைச் செதுக்கிக் கழிப்பது முதலாவது, பக்கத்து உலோகத்தைத் தள்ளி வேண்டிய கோட்டை உயர்த்துவது இரண்டாவது, வேறொரு காசிலிருந்து வெட்டிய இலக்கத்தை ஈயப்பற்றினால் ஒட்டுவது மூன்றாவது. ஆனால் செம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. பல பத்தாண்டுகளாகக் காற்றும் கைவியர்வையும் பட்டு, பழுப்பு, கருஞ்சிவப்பு, இடையிடையே பச்சைக் களிம்பு என்று மெல்ல மெல்ல அது ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. செம்பில் இயல்பாகவே ஒட்டியிருப்பது என்று சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமையாக எடுத்தாளும் அதே களிம்புதான் இங்கே சாட்சியாக நிற்கிறது. உளி பட்ட இடத்தில் இத்தோல் உரிந்து இளஞ்சிவப்பான புதுச் செம்பு வெளிப்படும். அதை மறைக்கக் கந்தகச் சேர்மங்களைப் பூசிக் கறுக்க வைப்பார்கள். அவ்வாறு வந்த கறுப்பு, ஒரே சீராக, ஆழமின்றி, பெரும்பாலும் ஆண்டைச் சுற்றி மட்டும் படிந்திருக்கும். காசின் மற்ற இடமெல்லாம் பழுப்பாக இருக்க, ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தால் ஐயம் எழவேண்டியதே.

பத்து மடங்கு பெருக்கும் லென்ஸின் கீழ், ஒளியைப் பக்கவாட்டில் தாழ்வாக விழச்செய்து பார்க்கும்போது, அடித்த இலக்கத்துக்கும் செதுக்கிய இலக்கத்துக்கும் உள்ள வேற்றுமை வெளிப்படும். அச்சின் குழிக்குள் செம்பு அழுத்தத்தால் பாய்ந்து நிரம்பி எழுந்த இலக்கம், அடியில் அகன்று, உச்சியில் சற்று உருண்டு, சுற்றுப் பரப்போடு தொய்வின்றிச் சேரும். செதுக்கி எஞ்சிய இலக்கத்தின் பக்கச் சுவர் செங்குத்தாக நிற்கும். அதன் காலடியில் பரப்பு மெல்லப் பள்ளம் விழுந்திருக்கும். அப்பள்ளத்தில் நுண்ணிய இணைகோடுகள், அரமோ உளியோ சென்ற திசையைக் காட்டிக்கொண்டு கிடக்கும். காசு முழுதும் தேய்ந்திருக்க ஒரு கோடு மட்டும் கூர்மையோடு நிற்பதும் இதே வகையைச் சேர்ந்த அடையாளம்தான். நூறு ஆண்டுப் புழக்கம் மூன்று இலக்கங்களைத் தேய்த்துவிட்டு நான்காவதை மட்டும் விட்டுவைப்பதில்லை.

இவ்வளவையும் அறிந்தவரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இலக்கத்தைத் திருத்தும் வேலையை மோசடிக்காரனுக்கு முன்பே நாணயச்சாலையும் செய்திருக்கிறது. எஃகினாலான அச்சு விலையுயர்ந்த பொருள். ஆண்டு முடிந்துவிட்டது என்பதற்காக அதை எறிந்துவிட மனமின்றி, பழைய இலக்கத்தின் மேலேயே புதிய இலக்கத்தை அச்சில் தட்டிப் பயன்படுத்தினார்கள். இவ்வாறு பிறந்த காசை ‘மேலடித்த ஆண்டு’ எனலாம். 1807இல் 6இன் மேல் 7, 1811இல் 10இன் மேல் 11, 1819இல் 8இன் மேல் 9, 1823இல் 2இன் மேல் 3, 1826இல் 5இன் மேல் 6 என்று பெரிய சென்ட்டுகளில் இவை பல. 1839 என்ற ஆண்டைத் தாங்கிய அச்சொன்றின் அடியில் 1836ஆம் ஆண்டின் 6கூடத் தெரிகிறது. மேலடித்த ஆண்டில் பழைய இலக்கத்தின் எச்சம் காசின் மற்ற இலக்கங்களைப் போலவே மேடாக எழுந்திருக்கும். அந்த அச்சில் அடித்த காசு ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அதே வடிவில் மீண்டும் மீண்டும் தோன்றும். திருத்திய காசின் எச்சமோ கீறலாகவோ பள்ளமாகவோ இருக்கும். உலகில் அந்த ஒரு காசில் மட்டுமே இருக்கும்.

இந்த வேற்றுமை ஏட்டில் தெளிவாக இருப்பது போலக் கையில் இருப்பதில்லை என்பதற்கு 1799ஆம் ஆண்டுச் சென்ட் சான்று. நாணயச்சாலை 1799ஆம் ஆண்டிலும் 1798 பொறித்த அச்சுகளையே தொடர்ந்து பயன்படுத்தியதால், 1799 என்ற இலக்கம் தாங்கிய காசு மிகக் குறைவாகவே வெளிவந்தது. அதில் இரண்டே வகைகள் உள்ளன. ஒன்று 8இன் மேல் 9 தட்டிய மேலடி, மற்றது முதலிலிருந்தே 9 பொறித்தது. மோசடிக்காரன் எடுத்துக்கொள்வது எளிதில் கிடைக்கும் 1798ஐ. 8இன் கீழ் வளையத்தின் இடப்பக்கத்தைச் சுரண்டித் திறந்துவிட்டால் அது 9 போலத் தோன்றும். அவ்வாறு செய்த காசில் 8இன் சாயல் சற்றே எஞ்சியிருக்கும். உண்மையான மேலடியிலும் 8இன் சாயல் எஞ்சியிருக்கும். 8இன் எச்சம் தெரிகிறது என்பது ஒன்றில் குற்றச்சாட்டு, மற்றொன்றில் நற்சான்று. தேய்ந்து அரித்த காசில் மேடு எது, கீறல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபோது, இலக்கத்தை மட்டும் பார்ப்பவர் இங்கே நின்றுவிடுவார்.

அதனாலேயே ஆய்வு இலக்கத்தை விட்டு அச்சுக்கு நகர்ந்தது. அக்காலத்தில் அச்சு செய்யும் முறையே இதற்கு வழிவகுத்தது. தலை, மாலை போன்ற பெரிய உருவங்கள் ஒரே தாய்ப்பொறியிலிருந்து வந்தாலும், எழுத்துகளையும் இலக்கங்களையும் பணியாளர் ஒவ்வொன்றாக உளியச்சு வைத்துச் சுத்தியலால் தட்டி அச்சில் இறக்கினார். எனவே எந்த இரண்டு அச்சிலும் எழுத்துகளின் இடைவெளி ஒன்றாக இருக்காது. ஓர் எழுத்து சாய்ந்திருக்கும், ஓர் இலக்கம் மார்பின் விளிம்பைத் தொடும், மாலையின் இலைநுனி ஓர் எழுத்தின் காலுக்கு நேராக நிற்கும். வில்லியம் ஷெல்டன் 1949இல் வெளியிட்ட ஆரம்பகாலச் சென்ட்டுகள் பற்றிய நூலும், 1816 முதல் 1857 வரையுள்ளவற்றைப் பற்றி ஹோவர்ட் நியூகோம் 1944இல் வெளியிட்ட நூலும் இந்நுண்வேற்றுமைகளை அச்சுச் சோடி சோடியாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துள்ளன. இவற்றின் துணையோடு சோதிப்பவர் செய்வது எளிது: ஆண்டைக் கையால் மறைத்துவிட்டு, மற்ற உறுப்புகளைக் கொண்டு அச்சை அடையாளம் காண்கிறார், பிறகு கையை எடுத்து, அந்த அச்சுக்கு உரிய ஆண்டுதானா எழுதியிருக்கிறது என்று பார்க்கிறார். 1799ஐப் பொறுத்தவரை இதற்கும் முன்னதாக ஒரு சல்லடை உண்டு. 1796 முதல் 1798 வரையுள்ள காசுகளில் பலவற்றின் தலை முதல் வகைக் கூந்தலோடும், 1798இல் தொடங்கி 1807 வரையுள்ளவை தோளருகே கூடுதலான ஒரு சுருளோடும் உள்ளன. 1799 என்று எழுதி அந்தச் சுருள் இல்லாத காசு, 1798இன் தொடக்க அச்சொன்றிலிருந்து வந்தது. அதன் 9ஐ ஆராய வேண்டிய தேவையே இல்லை.

1804ஆம் ஆண்டுச் சென்ட் இம்முறையின் வலிமையை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அவ்வாண்டுக் காசுகள் அனைத்தும் ஒரே அச்சுச் சோடியிலிருந்து வந்தவை. ஷெல்டன் அதற்கு 266 என்ற எண்ணைத் தந்தார். அச்சோடியில் முன்பக்க ஆண்டின் பூச்சியம், பின்பக்கத்தில் ‘ஆஃப்’ என்ற சொல்லின் ஓ எழுத்துக்கு நேர் எதிரே அமைந்துள்ளது. அது மட்டுமன்று, வேலையின் நடுவே அச்சின் ஓரம் உடைந்ததால், பிற்பட்டு அடித்த காசுகளில் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லின் கடைசி மூன்று எழுத்துகளுக்கு மேல் விளிம்பு தடித்துப் புடைத்திருக்கிறது, இன்னும் பிற்பட்டவற்றில் பின்பக்கத்தில் ‘அமெரிக்கா’ என்ற சொல்லின் நடு எழுத்துகளின் மேலும் அத்தகைய புடைப்பு உண்டு. 1803இன் 3ஐயோ 1801இன் 1ஐயோ 4ஆக்கியவன், ஆண்டை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும், காசின் மறுபக்கத்து ஓ எழுத்தை நகர்த்தி வைக்க முடியாது.

இதே ஆண்டில் வேறொரு விந்தையும் உண்டு. நாணயச்சாலை கழித்துப்போட்ட பழைய அச்சுகள் தனியார் கைக்குப் போயின. அவற்றில் 1803ஆம் ஆண்டின் முன்பக்க அச்சொன்றில் 3ஐ 4ஆகத் திருத்தி, 1820ஆம் ஆண்டின் பின்பக்க அச்சோடு சேர்த்து, 1860ஐ ஒட்டிப் பிலடெல்பியாவில் காசுகள் அடிக்கப்பட்டன. சந்தையில் இதற்கு ‘மறு அச்சு’ என்ற மரியாதையான பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் 1804இல் அடித்த எந்தக் காசின் மறு அச்சும் அன்று அது, எங்குமே இல்லாதிருந்த ஒன்றின் முதல் அச்சு. கவனிக்கத்தக்கது என்னவெனில், இங்கே திருத்தம் காசில் நடக்கவில்லை, அச்சில் நடந்தது. எனவே காசின் மேல் உளித்தடம் இல்லை, களிம்பு உரியவில்லை, இலக்கம் பரப்பிலிருந்து முறையாகவே எழுந்து நிற்கிறது. லென்ஸின் சோதனை முழுவதிலும் அது தேறிவிடும். பின்பக்கம் பதினாறு ஆண்டு பிந்தியது என்ற ஒரே உண்மையில் விழுந்துவிடும். துருவேறிய அச்சின் தழும்புகள் காசெங்கும் சிறு பருக்களாக மேடிட்டிருப்பதும் அதன் அடையாளம்.

1840இலிருந்து நிலைமை மாறுகிறது. நான்கு இலக்கங்களையும் ஒரே உளியச்சில் சேர்த்துத் தட்டும் முறை வந்தபின், ஆண்டின் உள் இடைவெளிகள் அச்சுக்கு அச்சு மாறுவதில்லை. சோதிப்பவருக்கு ஒரு வாயில் அடைபட்டாலும் வேறொன்று திறக்கிறது, ஏனெனில் இடைவெளி மாறாது என்பதே இப்போது அளவுகோலாகிவிடுகிறது. சிறிய வெண்கலச் சென்ட்டுகளுக்கு, அதாவது செம்போடு சிறிதளவு வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த பின்னாளையக் காசுகளுக்கு, இவ்வளவுகோல் மிகவும் பொருந்தும். 1914இல் டென்வர் நாணயச்சாலை அடித்த லிங்கன் சென்ட் 11,93,000 மட்டுமே. அதை 1944ஆம் ஆண்டு டென்வர் காசிலிருந்து உருவாக்க, முதல் 4ஐ 1ஆகச் செதுக்கவேண்டும். 4இன் தண்டு அந்த இலக்கத்தின் வலப்பக்கத்தில் இருப்பதால், எஞ்சும் 1 தன் இடத்திலிருந்து வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும். 9க்கும் அதற்கும் இடையே பல் விழுந்த ஈறு போல ஓர் இடைவெளி தெரியும். மேலும், வடிவமைப்பாளர் விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள் லிங்கனின் தோளடியில் 1918 முதலே பொறிக்கப்படுகின்றன. 1914 என்று சொல்லும் காசில் அவை இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. 1877ஆம் ஆண்டின் சென்ட்டுக்கோ பின்பக்கத்தில் ‘ஒன்’ என்ற சொல்லின் என் எழுத்து மேலோட்டமாகப் பதிந்திருப்பது அடையாளம். 1879ஐத் திருத்தியதில் அவ்வெழுத்து அழுத்தமாக இருக்கும்.

போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த 1943இல் சென்ட்டுகள் துத்தநாகம் பூசிய எஃகில் அடிக்கப்பட்டன. தவறிக் கலந்த வெண்கலத் தகடுகளில் அடிக்கப்பட்ட மிகச் சில காசுகள் பெருமதிப்புடையவை. செம்பு முலாம் பூசிய எஃகுக் காசைக் காந்தம் உடனே காட்டிக்கொடுக்கும் என்பதை வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் 1948ஆம் ஆண்டின் 8இன் இடப்பாதியைச் செதுக்கி 3ஆக்கிய காசைக் காந்தம் இழுக்காது. தராசில் இட்டால் வெண்கலத்துக்கு உரிய 3.11 கிராமே காட்டும். காந்தமும் தராசும் இரண்டும் சேர்ந்து பொய்க்குச் சாட்சி சொல்லும் இடம் இது. அங்கே துணைநிற்பது 3இன் வடிவம் ஒன்றே: 1943இன் 3க்கு வால் நீண்டு கீழே தாழ்ந்திருக்கும்; 8இலிருந்து பிறந்த 3க்கு அந்த வால் கிடையாது, செதுக்கிக் கழிப்பதால் மட்டும் அதை உண்டாக்க இயலாது.

கருவிகள் பெருகியும் இந்நிலை பெரிதாக மாறவில்லை. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை, காசைச் சிதைக்காமல் அதன் உலோகக் கூறுகளைச் சொல்லும். ஒட்டிய இலக்கத்தின் கீழுள்ள ஈயத்தையும் வெள்ளீயத்தையும் அது காட்டும், செதுக்கிய இலக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மின்படிவு முறையில் இரு செப்பு ஓடுகளைப் படியெடுத்து ஈயத்தை நிரப்பி ஒட்டிய 19ஆம் நூற்றாண்டுப் போலிப்படிகளை விளிம்பின் தையலும் மந்தமான ஓசையும் காட்டிக்கொடுக்கும். திருத்திய காசுக்கு அத்தையல் இல்லை. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972இல் சான்றளிப்புச் சேவையைத் தொடங்கியபின், ஐயத்துக்குரிய காசுகள் நிபுணர் கைக்குப் போகும் வழக்கம் ஏற்பட்டது. மோசடி நோக்கோடு காசைத் திருத்துவது அந்நாட்டுச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பு, 331ஆம் பிரிவின்படி குற்றம். ஆயினும் ஒரு தலைமுறைக்கு முன் செதுக்கியவன் யாரென்று தெரியாத காசு, பாட்டனின் பெட்டியிலிருந்து பேரன் கைக்கு நல்லெண்ணத்தோடே வந்துசேர்வதால், சட்டம் இதில் அதிகம் செய்வதற்கில்லை.

மண்ணில் புதைந்து, அரித்து, ஆண்டு இருந்த இடமே வழுவழுப்பாகிவிட்ட பெரிய சென்ட்டுகளும் சோதனைக்கு வருகின்றன. அவற்றில் ஒன்றின் ஆண்டில் முதல் இரண்டு இலக்கங்கள் மட்டும் மங்கலாகத் தெரிய, ‘லிபர்ட்டி’யின் கடைசி எழுத்துகளுக்கு மேல் விளிம்பு புடைத்திருந்து, எழுத்துகளின் இடைவெளியும் இலைநுனிகளின் நிலையும் 266ஆம் எண்ணின் சோடியோடு ஒத்துப்போனால், அது 1804 என்றே பட்டியலில் ஏறுகிறது, கடைசி இலக்கம் ஒன்றுகூட அதில் எஞ்சவில்லை என்றாலும்.